தண்ணீர் ஊற்றும் பேட்டரியா, மூடி வைத்த பேட்டரியா? ரங்கூன் காருக்கு எது சரி

சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் இங்கே ஒன்றாகத்தான் வரும். போன முறை விடுமுறை முடிந்த மறுநாள் காலை, ரங்கூன் தீங்கன்ஜூனில் எங்கள் வீட்டு வாசலில் பத்து நாளாக நின்றிருந்த காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மீட்டர் விளக்குகள் மங்கி, ஒரு கணம் எரிந்து அணைந்தன. செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி வாங்கி இருபது மாதம்தான் ஆகியிருந்தது. அதுவும் மெயின்டனன்ஸ் ஃப்ரீ. 'இனி பானட்டைத் திறக்கவே வேண்டாம்' என்று சொல்லிக் கொடுத்த பேட்டரி.

மாமா தன் டாக்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, கேபிள் போட்டு என் காரைக் கிளப்பிவிட்டார். அவருடைய பேட்டரி நாலாவது வருடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றுகிற பழைய வகை, விலையும் என்னுடையதைவிடக் குறைவு. "நீ எப்பவாவது இதைத் திறந்து பார்த்தியா, மாப்ள?" என்று கேட்டார். திறக்க முடியாத பேட்டரி என்றேன். "அப்ப உள்ள என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த பேட்டரி எதை வாங்குவது என்று இரண்டு வாரம் விசாரித்தேன், அளந்தேன், கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆயுள். மிதமான தட்பவெப்பம் உள்ள நாடுகளில் கார் பேட்டரி நாலைந்து வருடம் வரும். நம்மைப் போன்ற வெக்கை ஊர்களில் இரண்டிலிருந்து மூன்று வருடம் என்பதுதான் நடைமுறை. உள்ளே நடப்பது வேதியியல்: ஈயத் தகடு, ஈய ஆக்சைடு தகடு, நடுவே கந்தக அமிலம் கலந்த தண்ணீர். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பழைய கணக்கு. ஏப்ரல் மாத ரங்கூனில் வெளியே 38 டிகிரி என்றால், நெரிசலில் நிற்கிற காரின் பானட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். குளிர்தான் பேட்டரியைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். கொல்வது வெயில். குளிர் காலையில் செல்ஃப் அடிக்கும்போதுதான் அந்தச் சேதம் வெளியே தெரிகிறது. நமக்கு அந்தக் குளிரும் கிடையாது. அதனால் சாகும் நாள் வரை ஒரு அறிகுறியும் தெரியாமலே போய்விடுகிறது.

இனி இரண்டு வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

திறக்கிற வகையில் தகட்டின் சட்டத்தில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்திருக்கும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்விடும். அதைத்தான் நாம் திரும்ப ஊற்றுகிறோம். மூடிய வகையில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம். தண்ணீர் குறைவது மிகமிக மெதுவாகிவிடும், சும்மா நிற்கும்போது சார்ஜ் இறங்குவதும் குறையும். இரண்டும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் கால்சியம் வகைக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று, முழுக்க வடிந்து போவது. ஓரிரு முறை அடிவரை வடிந்தாலே பழைய பலம் திரும்ப வராது. இரண்டு, அரைகுறை சார்ஜ். அது முழுக்க நிரம்ப 14.4 வோல்ட்டாவது வேண்டும். நம் தெருக்களில் ஓடுகிற பழைய ஜப்பானிய கார்கள் பலவற்றில், வெயில் நேரத்தில் ஏசியும் போட்டு நின்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் அவ்வளவு கொடுப்பதில்லை.

இதை நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். என் கார் பழைய டொயோட்டா ஃபீல்டர். காலையில் கிளப்பியதும் பேட்டரி முனையில் 14.2. எஞ்சின் சூடாகி, ஏசி போட்டு, ஐடிலில் நிறுத்தி வைத்தபோது 13.6. ஹெட்லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் சேர்த்தால் 13க்கும் கீழே. அதாவது மழைக்காலத்து மாலையில், வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒவ்வொரு சிக்னலிலும் என் கார் பேட்டரியிலிருந்துதான் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர். ஏசி ஊதுகிற விசிறிக்கும் ரேடியேட்டர் விசிறிக்கும் ஆளுக்குப் பத்துக்குமேல். சின்ன ஆல்டர்நேட்டர் ஐடிலில் கொடுப்பது இவற்றுக்கே காணாது.

செல்ஃப் அடிப்பதில்தான் சார்ஜ் எல்லாம் போகிறது என்று நானும் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 150 ஆம்பியர் இரண்டு நொடி இழுத்தாலும் அது 0.1 ஆம்பியர்-மணிகூட வராது (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-மணி). கார் ஓட ஆரம்பித்தால் சில நிமிடத்தில் திரும்பிவிடும். நம் ஊரில் பேட்டரியைத் தேய்ப்பது நெரிசலும், அதைவிட மோசமாக, சும்மா நிற்பதும்தான்.

நிற்கிற காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஃபீல்டரில் இருக்கும் 46பி24எல் பேட்டரியின் கொள்ளளவு 36 ஆம்பியர்-மணி. முப்பது நாளில் சரியாகத் தீர்ந்துவிடும். பெட்ரோல் வரிசைக்குப் பயந்து வாரக்கணக்கில் காரை எடுக்காமல் வைத்திருந்த நாட்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி வைத்துவிட்டு நடுநடுவே ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவது போதாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் கறுப்பு முனையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ரேடியோவில் வைத்த ஸ்டேஷன்கள், கடிகார நேரம் போன்றவை அழியும்.

அரைச் சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிந்து கல்லாக இறுகிவிடும். படிந்த புதிதில் சார்ஜ் போட்டால் கரையும், இறுகியபின் கரையாது. என் பேட்டரிக்கு நடந்தது அதுதான். கடைசிப் பத்து நாள் வெறும் சாக்கு.

அப்புறம் மாமாவின் பேட்டரி எப்படி நாலு வருடம் வந்தது? ஒரு பௌர்ணமியன்று போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பௌர்ணமி நாட்களில் அவர் டாக்சி எடுப்பதில்லை. காலையில் எஞ்சின் ஆறியபின் பானட்டைத் திறப்பார். முதலில் ஈரத்துணியால் பேட்டரியின் மேல்பக்கத்தைத் துடைப்பார். தூசியும் அமில ஈரமும் சேர்ந்தால் முனைக்கு முனை மெல்லிய மின்கசிவு ஏற்படும் என்பது அவருக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆறு மூடிகளையும் ஒரு நாணயத்தால் திருகி எடுத்து, வரிசை மாறாமல் பக்கத்தில் வைப்பார். டார்ச் அடித்து ஒவ்வொரு துளையாகக் குனிந்து பார்ப்பார். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று பார்த்து, குறைந்த அறையில் மட்டும், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால், டிஸ்டில்டு வாட்டர் விடுவார். மேல்கோட்டைத் தாண்ட விடமாட்டார். தாண்டினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் மேலே பொங்கி முனையைத் தின்றுவிடும்.

அன்று அவர் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். ஆறு அறையும் ஒரே அளவு தண்ணீர் குடித்தால் வெயில்தான் காரணம், கவலையில்லை. ஆறும் திடீரென்று அதிகமாகக் குடித்தால் ஆல்டர்நேட்டரின் ரெகுலேட்டர் கெட்டு வோல்ட் ஏறிவிட்டது, பேட்டரிக் கடைக்குப் போகாமல் எலெக்ட்ரீஷியனிடம் போ. ஒரே ஒரு அறை மட்டும் மற்றதைவிட அதிகமாகக் குடித்தால் அந்த அறை போகப்போகிறது, பணம் சேர்க்க ஆரம்பி. திறக்கிற பேட்டரி இப்படி இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மூடிய பேட்டரியிலும் இதே கோளாறுகள் வரும். வோல்ட் ஏறினால் அதிலும் தண்ணீர் போகும், ஆனால் திரும்ப ஊற்ற வழியில்லை, பார்க்கவும் வழியில்லை. சார்ஜைக் காட்ட மேலே வைத்திருக்கும் பச்சைக் கண் ஆறு அறைகளில் ஒன்றைத்தான் காட்டுகிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே இருக்கும்.

பர்மியர்கள் பேட்டரியை 'பெத்தரி ஓ' என்பார்கள். ஓ என்றால் பானை. திறக்கிற வகைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். இருபது லிட்டர் கேனில் வருகிற குடிதண்ணீர் சுத்தமானது, ஆனால் டிஸ்டில்டு வாட்டர் அல்ல. அதிலுள்ள உப்புகள் பேட்டரிக்கு ஆகாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அலுமினியத் தகட்டிலும் தூசியிலும் கழுவிக்கொண்டு வருகிறது, வேண்டாம். முக்கியமாக, அமிலம் ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. 'பேட்டரி வீக்காயிருக்கு, ஆசிட் மாத்துவோம்' என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் எல்லோரும் திறக்கிற வகையே வாங்க வேண்டுமா? இல்லை. மாதம் ஒருமுறை பானட்டைத் திறக்கிற ஆள் அந்த வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் திறக்கிற வகை ஒரே வருடத்தில் போய்விடும். தகடு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றினால், தெரிந்த பகுதி அதோடு வீண். என் அக்கா மோல்மேனில் இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி ரங்கூன் வருவாள், நடுவிலும் கார் நன்றாக ஓடுகிறது. அவளுடைய கார் புதிது, ஆல்டர்நேட்டர் 14.5 கொடுக்கிறது. அவளுக்கு மூடிய வகைதான் சரி, தயங்காமல் அதையே வாங்கச் சொன்னேன். நெடுஞ்சாலையில் ஓடுகிற காருக்கு மூடிய வகை நன்றாக உழைக்கும்.

வேகன் ஆர், ஃபிட் போன்ற வண்டிகளில் சிக்னலில் எஞ்சின் தானே நின்று தானே கிளம்பும் ஐடிலிங் ஸ்டாப் வசதி உண்டு. அவற்றுக்கு எம்-42, என்-55 என்ற எண்களில் தனி பேட்டரி. அடிக்கடி செல்ஃப் அடிப்பதையும் அரைச் சார்ஜையும் தாங்கும்படி செய்திருப்பார்கள், விலையும் அதிகம். அந்த வண்டிக்குச் சாதாரண பேட்டரி போட்டால் ஓடும், ஆனால் சீக்கிரம் போய்விடும். நம் வெயிலில் ஏசி போட்டிருந்தால் பெரும்பாலும் எஞ்சின் நிற்பதே இல்லை. பலர் பட்டனை அழுத்தி அந்த வசதியையே அணைத்து வைத்திருக்கிறார்கள். எப்போதும் அணைத்தே ஓட்டுகிறவர் என்றால் நல்ல சாதாரண பேட்டரி போட்டுச் சமாளிக்கலாம். அந்த பட்டன் ஒவ்வொரு முறை வண்டியை அணைத்துக் கிளப்பும்போதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

புதுப்பித்த பேட்டரி, கைமாறிய பேட்டரி பற்றி ஒரே வரி: காருக்கு வேண்டாம்.

வீட்டு விளக்குக்குக் கார் பேட்டரியை எடுக்கலாமா என்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மீ பியெட் என்றாலே, அதாவது கரன்ட் போனாலே, எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கார் பேட்டரிதான். அந்த மூடிய பேட்டரிக்கும் முன்னால் வைத்திருந்த பேட்டரியை நான் அப்படித்தான் கொன்றேன். இரவில் கழற்றிக் கொண்டுவந்து இரண்டு எல்இடி விளக்கும் ஒரு 12 வோல்ட் விசிறியும் மாட்டினேன். மொத்தம் 30 வாட், இரண்டரை ஆம்பியர். 36 ஆம்பியர்-மணி பேட்டரி பாதிக்கு இறங்க ஏழு மணி நேரம். பாதியோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. குழந்தைகள் தூங்க வேண்டுமே என்று விசிறி தானே நிற்கும் வரை விட்டேன். நாலு மாதத்தில் காரைக் கிளப்பவும் ஆகவில்லை, விளக்கு எரியவும் ஆகவில்லை.

கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் நிறைய. சில நொடி மட்டும் பெரிய கரன்டைத் தள்ளுவதற்காகச் செய்தவை. அடிவரை வடித்து வடித்து நிரப்பினால் சில டஜன் முறையில் உதிர்ந்துவிடும். இன்வெர்ட்டருக்கென்று வருகிற டியூபுலர் பேட்டரியின் தகடு தடிமன். நூற்றுக்கணக்கான முறை தாங்கும், ஆனால் அதற்கும் தண்ணீர் பார்க்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் இரண்டாயிரம் முறைக்கு மேல் தாங்கும், கொள்ளளவில் முக்கால்வாசிக்கு மேல் பயன்படுத்தலாம், எடையும் குறைவு. முதலில் போடுகிற பணம் அதிகம். ஆனால் தினமும் கரன்ட் போகிற ஊரில் வருடக் கணக்கில் பார்த்தால் லித்தியம்தான் மலிவு என்பது என் முடிவு. வீட்டுக்கு அதை வாங்கிவிட்டேன். இப்போது தெருவில் பிள்ளைகள் "மீ லா பியி!" என்று கத்தும்போதுதான் கரன்ட் வந்ததே எங்களுக்குத் தெரிகிறது. அதே லித்தியத்தைச் சாதாரண கார் பேட்டரி இருக்கும் இடத்தில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதற்காகச் செய்தது அல்ல.

இப்போது கடைக்குப் போகும்போது பார்க்க வேண்டியவை. பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 46பி24எல் என்றால் 46 அதன் திறன் அளவு, பி என்பது அகலமும் உயரமும், 24 என்பது சென்டிமீட்டரில் நீளம், எல் என்பது முனை எந்தப் பக்கம் என்பது. முன்னால் உள்ள எண் கூடலாம், 55பி24எல் தாராளமாகப் போடலாம். நடுவில் உள்ளது மாறினால் தட்டில் உட்காராது. கடைசி எழுத்து ஆர் ஆகிவிட்டால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்டப் பார்ப்பது ஆபத்து. அடுத்தது தயாரித்த தேதி. அமிலம் நிரப்பி வருகிற பேட்டரி ஆறு மாதத்துக்குமேல் அலமாரியில் இருந்தால், கழிவு கொடுத்தாலும் வேண்டாம். இங்கே இன்னும் கிடைக்கிற காய்ந்த வகையில், கண்ணெதிரே அமிலம் ஊற்றித் தருகிற வகையில், அந்தக் கவலை குறைவு; ஊற்றிய நாள்தான் அதன் பிறந்த நாள். ஊற்றியதும் மாட்டிக்கொண்டு ஓடிவராமல் அரைமணி நேரம் ஆறவிட்டு, கடையிலேயே முழுச் சார்ஜ் போடச் சொல்லிக் காத்திருங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். காரை இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் என்பது முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12 என்றால் கால்வாசி. ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் பார்க்க வேண்டும்: 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. கழற்றும்போது கறுப்பு முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காய்ந்தபின் வாஸ்லைன் தடவுங்கள். திறந்த பேட்டரிக்குப் பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. வெளியே வருவது ஹைட்ரஜன்.

நான் எதை வாங்கினேன்? திறக்கிற வகை, 55பி24எல், கண்ணெதிரே அமிலம் ஊற்றியது. காரணம் விலை அல்ல. என் கார் பழையது, தினமும் எட்டு கிலோமீட்டர் ஊர்ந்து போய் ஊர்ந்து வருவது, ஆல்டர்நேட்டர் அரைகுறை. இந்த மூன்றும் சேர்ந்தால் மூடிய வகையின் நன்மை ஒன்றுகூட எனக்கு மிஞ்சாது. மூடியின் மேல் தேதியை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறேன். பௌர்ணமியன்று இப்போது இரண்டு பானட் திறக்கிறது. என் மகன் டார்ச் பிடிக்கிறான். மூன்றாவது அறை கொஞ்சம் குறைவு என்று போன மாதம் அவன்தான் முதலில் பார்த்தான்.

பழைய பேட்டரியைப் புதியது வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். தராசில் வைத்து, ஈயத்துக்கான பணத்தைக் கழித்துக்கொண்டார்கள். வீட்டுப் பின்கட்டில் போட்டு வைக்காதீர்கள். ஈயம் எடுக்கிறோம் என்று தெருவில் உடைப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்த ஈயத் தூசி மண்ணில் தங்கும், அந்த மண்ணில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.